தூத்துக்குடியும் கணினி முறைமை நிர்வாகக் கல்வியும்

ஓர் அலுவலகத்தின் வழங்கிகள், வலையமைப்பு, பயனர் கணக்குகள், காப்புநகல்கள் ஆகியவற்றை இடைவிடாது இயங்க வைப்பவர் கணினி முறைமை நிர்வாகி. எழுத்தில் முறைமை நிர்வாகி, அமைப்பு நிர்வாகி என்ற இரு சொற்களும் புழங்குகின்றன. அலுவலகங்களில் சிஸ்டம் அட்மின் என்றே சொல்கிறார்கள். மென்பொருள் எழுதும் தொழிலுக்குக் கல்லூரிகளில் பட்டப்படிப்புகள் ஏற்பட்டு நீண்ட காலம் ஆகிவிட்டது. நிர்வாகப் பணிக்கு அப்படி ஒரு நேர்வழி இந்தியாவில் உருவாகவில்லை. கணினியின் அருகில் நின்றவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று அதை வளர்த்தனர்.

இந்தத் தொழில் சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தூத்துக்குடியை எடுத்துக்கொண்டால் அது பொருந்தாது. 1974இல் இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட துறைமுகம், 1975இல் இயங்கத் தொடங்கிய ஸ்பிக் உரத் தொழிற்சாலை, 1979இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம், 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகம் ஆகிய அனைத்தும் ஒரே ஊரில் உள்ளன. இவற்றில் எதுவும் இன்று கணினி இல்லாமல் ஒரு நாளும் இயங்காது. கணினிகளைக் காக்கும் ஆட்கள் இந்தக் கரைக்குத் தேவைப்பட்ட காலத்தில் அந்த வேலையைக் கற்பிக்கும் பாடம் எங்கும் இருக்கவில்லை.

கரை அறிந்த இரு கல்விமுறைகள்

தூத்துக்குடியின் பழைய தொழிலான முத்துக்குளிப்பு, எழுத்தில் வராமல் கைமாறிய கல்விக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கல்லுக்கு இருவர் என முறை வைத்து இறங்குவார்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். படகில் கயிறு பிடிப்பவர் கயிற்றின் அசைவிலிருந்தே கீழே இருப்பவரின் நிலையை அறிந்து மேலே இழுப்பார். இதைக் கற்க ஒரே இடம் படகுதான். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் விரிவாக எழுதினர். அவை அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வெளியே நின்று எழுதியவை. மூழ்கியவர்கள் எழுதியவை அல்ல. 1961இல் நடந்த குளிப்பே தூத்துக்குடிக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. சங்கு எடுப்பவர்கள் தொடர்ந்து மூழ்கியதால் அந்தக் கைத்திறனின் ஒரு பகுதி பிழைத்தது.

1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே கரையில் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அந்த அறிவு படிப்படியான செய்முறையாக எழுதப்பட்டது. பயிற்சி வகுப்புகளாகவும் மாறியது. பார்த்துக் கற்பது, எழுதி வைத்துக் கற்பிப்பது என்ற இந்த இரண்டு முறைகளும் முறைமை நிர்வாகத்தின் வரலாற்றிலும் உண்டு. அங்கு முதலாவது முறை நீண்ட காலம் தனியாக இருந்தது.

பெரிய கணினிகளின் காலம்

1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. தமிழகத்தில் ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பழக்கம் வேரூன்றிய இடங்களில் அது முக்கியமானது. பயன்படுத்துவோர் துளையட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். குளிரூட்டப்பட்ட அறைக்குள் இயக்குநர்கள் நாடாக்களை மாற்றுவார்கள். வேலைகளின் வரிசையை ஒழுங்குபடுத்துவது, நாடாவில் படி எடுப்பது, இயந்திரம் நின்றால் காரணம் தேடுவது ஆகியவை அவர்களின் பொறுப்பு. அன்று அவர்களுக்கு முறைமை நிர்வாகி என்ற பெயர் இல்லை.

1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்றது. இது ஓர் எதிர்பாராத பள்ளிக்கூடமாக அமைந்தது. உற்பத்தியாளரின் ஆதரவு இல்லாமல், பல நிறுவனங்களின் இயந்திரங்களை ஒரே பொறியாளர் கவனிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் நிர்வாகப் பணிக்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தது. ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் பெற்ற ரூட் என்ற ஒரே கணக்கு என்பதே அந்த அமைப்பு. ரூட் கணக்கை வைத்திருப்பவரே நிர்வாகி. இந்தப் பணிக்கென்றே லிசா என்ற ஆண்டு மாநாட்டை யூஸ்நிக்ஸ் சங்கம் 1987இல் தொடங்கியது. ஈவி நெமெத் முதலியோர் எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு 1989இல் வந்தது. அதாவது யூனிக்ஸ் பிறந்து 20 ஆண்டுகள் ஆன பிறகுதான், வேலை செய்தவர்களே எழுதிய ஒரு முழுமையான கையேடு இந்தத் தொழிலுக்குக் கிடைத்தது.

1986இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியது. முதலில் இணைந்த 8 நிறுவனங்களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. தொலைபேசி வழியாக ஒரு கணினி மற்றொன்றை அழைத்து, சேர்ந்திருக்கும் அஞ்சல்களைக் கொடுத்து வாங்கும் முறையில்தான் அது தொடங்கியது. இந்திய இணையத்தின் முதல் தலைமுறை நிர்வாகிகள் இதில்தான் பழகினர். அவர்கள் ஏறத்தாழ எல்லாருமே பெரிய கல்வி நிறுவனங்களின் வளாகங்களுக்குள் இருந்தவர்கள்.

எழுத்தர்கள் இயக்குநர்களானது

சிறு நகரங்களுக்குக் கணினி வேறு வழியில் வந்தது. வங்கிகளில் கணினி நுழைவதைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. ரங்கராஜன் குழுவின் 1984, 1989 அறிக்கைகளை ஒட்டிக் கிளைகளிலும் வட்டார அலுவலகங்களிலும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. அவற்றை இயக்கப் புதிதாகப் பொறியாளர்களை எடுப்பதைவிட, பணியில் இருந்த எழுத்தர்களையே தேர்ந்தெடுத்துச் சிறப்புப்படி கொடுத்துப் பழக்குவது வழக்கமாயிற்று.

மாலையில் கணக்கு முடிந்ததும் படி எடுக்க வேண்டும். எடுத்த படியை வேறு இடத்தில் வைக்க வேண்டும். மறுநாள் காலை இயந்திரம் எழாவிட்டால் எந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வங்கி எழுத்தர் செய்த இந்த மூன்றும் சேர்ந்தால் முறைமை நிர்வாகத்தின் பாதி வந்துவிடுகிறது. தமிழகத்தின் கணினி வரலாற்றை எழுதுபவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் தொடங்கிவிடுவதால் இந்தத் தலைமுறை விடுபட்டுப் போகிறது.

அரசு அலுவலகங்களில் இதற்கு இணையான பணியைத் தேசியத் தகவல் மையம் செய்தது. 1976இல் தொடங்கிய இம்மையம் 1980களின் பிற்பகுதியில் நிக்நெட் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பின் மூலம் மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986 அக்டோபர் 20 அன்று தூத்துக்குடி தனி மாவட்டமானது அதே காலகட்டத்தில்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமர்ந்த தேசியத் தகவல் மைய அலுவலர், பல மாவட்டங்களில் முழுநேரமாகக் கணினி அமைப்பைக் கவனித்த முதல் அரசு ஊழியராக இருந்தார்.

துறைமுகத்துக்கு வந்த வழங்கிகள்

தோணியில் உப்பும் காய்கறியும் ஏற்றிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தண்டலுக்கு ஆவணம் ஒரு காகிதக் கட்டு. சரக்குப் பெட்டகம் வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு கப்பலில் நூற்றுக்கணக்கான பெட்டகங்கள் இறங்கும். எது எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது, எது யாருடையது, எதற்குச் சுங்கம் விடுவிப்புக் கொடுத்திருக்கிறது என்பதைத் தரவுத்தளம் இல்லாமல் நினைவில் வைக்க முடியாது. 1999இல் தூத்துக்குடியில் தனியார் பெட்டக முனையம் இயங்கத் தொடங்கியது. இந்தியச் சுங்கத்துறையின் மின்னணுத் தரவுப் பரிமாற்ற முறை துறைமுகங்களுக்கு விரிந்தபோது, கப்பல் முகவர்களும் சுங்க முகவர்களும் தங்கள் அலுவலகங்களில் கணினியும் இணைப்பும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்பு சுங்க அலுவலகத்துக்குக் கோப்பைத் தூக்கிச் சென்ற உதவியாளர் இப்போது ஆவணக் கோப்பை அனுப்புகிறார். அது ஏற்கப்படாமல் திரும்பினால் காரணம் கண்டுபிடிக்கிறார். அந்த அலுவலகத்தில் வலையமைப்புக் கம்பியும் அச்சுப்பொறியும் வைரஸ் தடுப்பும் அவர் தலையில் விழுவது இயல்பு.

2006இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசை வரை பாரத் லங்கா கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. பிஎஸ்என்எல், ஸ்ரீலங்கா டெலிகாம் ஆகிய இரண்டும் சேர்ந்து அமைத்த இந்த ஒளியிழைக் கம்பிவடம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுடையது. முத்துச்சிப்பிப் படுகைகள் இருக்கும் அதே கடலுக்குள் இழைகள் ஓடின. இந்தியாவின் பன்னாட்டுக் கம்பிவடங்கள் பெரும்பாலும் மும்பையிலும் சென்னையிலும் கரையேறுபவை. அந்தப் பட்டியலில் தூத்துக்குடி இடம்பெற்றது ஊருக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

துறைமுகக் கணினிகள் நின்றால் என்ன ஆகும் என்பதை உலகம் 2017 ஜூன் 27 அன்று பார்த்தது. உக்ரைனில் பயன்பாட்டில் இருந்த ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் சில மணி நேரத்தில் முடங்கின. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. பெட்டகங்கள் தேங்கின; வேலையைக் கையால் செய்யவேண்டி வந்தது.

இதில் கற்பவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் வழங்கிகள் உலகெங்கும் ஒன்றன் நகலாக மற்றொன்று என்ற முறையில் அமைந்திருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. தீநிரல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழித்துவிட்டது. கானாவில் இருந்த ஒரு வழங்கி மட்டும் தப்பியது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அது அணைந்திருந்தது. அதன் தரவை ஓர் ஊழியர் நைஜீரியா வரை எடுத்துச் செல்ல, அங்கே மற்றொருவர் பெற்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் 10 நாளில் மறுபடி நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் அடுத்த ஆண்டு அறிவித்தார். இணையாக ஓடும் நகலும் காப்புநகலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று காட்டுவது கடினம். முதலாவது வன்பொருள் பழுதிலிருந்து காக்கும். அழிப்பதைக்கூட அது உடனே நகலெடுத்துவிடும்.

இரண்டாம் சனிக்கிழமை

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் எழுத்து மட்டும் தெரியும் மலிவான கணக்கு ஒன்றும் இருந்தது. அதில் நுழைந்தால் யூனிக்ஸ் கட்டளை வரி வரும். மின்னஞ்சல் படிக்க நுழைந்த மாணவர்கள் கட்டளைகளையும் கற்றுக்கொண்டது இந்த ஏற்பாட்டின் உபவிளைவு. ஏறக்குறைய அதே காலத்தில் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழுடன் சேர்த்துக் கொடுத்தது. பல நூறு மெகாபைட் மென்பொருளைத் தொலைபேசி இணைப்பில் இறக்க முடியாத நாட்கள் அவை. கடையில் வாங்கிய இதழின் உறையிலிருந்து எடுத்த தட்டுதான் பலருக்கு முதல் யூனிக்ஸ் வகை இயங்குதளம்.

1998 ஜனவரியிலிருந்து சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை கூடிப் பேசுவது அதன் வழக்கம். கூட்டங்கள் நீண்ட காலம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தன. கட்டணமும் சான்றிதழும் கிடையாது. ஒருவர் தன் அலுவலகத்தில் அமைத்த அஞ்சல் வழங்கியைப் பற்றிப் பேசுவார். மற்றவர் அதில் எது தவறு என்று சொல்வார். குழுவின் மின்மடல் பட்டியல் இதைவிட முக்கியமானது என்று சொல்லலாம். கேட்கும் முன் கையேட்டைப் படித்தாயா, பதிவுக் கோப்பில் என்ன இருக்கிறது, சரியாக எந்தப் பிழைச்செய்தி வந்தது என்ற எதிர்க்கேள்விகள் அதில் உடனே வரும். புதியவர்களுக்கு இது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ஆனாலும் பிழையை விவரிக்கக் கற்பதுதான் நிர்வாகக் கல்வியின் முதல் பாடம். வேலை செய்யவில்லை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எவராலும் உதவ முடியாது.

இந்த வட்டத்துக்குள் நுழைய இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது தொலைவு. தூத்துக்குடியிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயில் பாதை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். முத்துநகர் விரைவு வண்டியில் ஓர் இரவு போகவும் ஓர் இரவு வரவும் ஆகும். சில மணி நேரக் கூட்டத்துக்காக மாதந்தோறும் அப்படிப் போய்வர ஒரு மாணவரால் முடியாது. இரண்டாவது ஆங்கிலம். கட்டளைகள் ஆங்கிலச் சுருக்கங்கள் என்பது பெரிய சிக்கல் அல்ல. முப்பது நாற்பது கட்டளைகளை யாரும் பழகிக்கொள்வார்கள். கையேடு, பிழைச்செய்தி, கேள்வி, பதில் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்ததுதான் தடையாயிற்று. தமிழ்வழியில் படித்த மாணவர் ஒரு கேள்வியைக் கேட்கவே தயங்கினார்.

சான்றிதழ்களும் அரசுத் திட்டங்களும்

இந்த இடைவெளியைத் தனியார் பயிற்சி மையங்கள் நிரப்பின. என்ஐஐடி, ஆப்டெக், எஸ்எஸ்ஐ, சிஎஸ்சி ஆகிய பெயர்ப்பலகைகள் 1990களில் தமிழகத்தின் சிறு நகரங்கள் வரை பரவின. பெரும்பாலான வகுப்புகள் அலுவலக மென்பொருளும் நிரலாக்க மொழிகளும் சார்ந்தவை. நிர்வாகப் பணிக்கான சான்றிதழ்கள் மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, ரெட் ஹேட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து வந்தன. இவற்றில் ரெட் ஹேட் பொறியாளர் தேர்வு வேறுபட்டது. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, ஓடும் கணினியின் முன் அமர்ந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் அதை அமைத்துக் காட்ட வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. கட்டணம்தான் எட்டாத உயரத்தில் இருந்தது.

அரசுத் தரப்பில் மூன்று நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் கே.பி. சந்திரசேகர் ஆய்வு மையத்தையும் சி-டாக் சென்னையையும் கொண்டு உருவானது. அதன் விளைவாக 2007இல் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. அதே ஆண்டுகளில் சி. உமாசங்கர் தலைமையில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவிக் கொடுக்கப்பட்டது.

மூன்றாவதுதான் மிகப் பெரிய வாய்ப்பு. தமிழகத்தின் எந்தக் கடலோரக் கிராமத்திலும் ஒரு பிளஸ் டூ மாணவர் கையில் லினக்ஸ் வந்து சேர்ந்தது. ஆனால் பள்ளிப் பாடத்தில் அப்போது அதற்கு இடம் இல்லை. 2018இல் புதுப்பிக்கப்பட்ட பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில்தான் உபுண்டு பற்றிய பகுதி வந்தது. இயந்திரமும் இயங்குதளமும் முன்னே போக, பாடம் ஏழு ஆண்டு பின்னால் வந்தது.

தமிழில் எழுதப்பட்ட கையேடுகள்

2012 ஜனவரியில் கணியம் மின்னிதழ் தொடங்கியது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் பங்கேற்ற த. சீனிவாசன் இதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில், எவரும் பகிரும் உரிமத்தில் வெளியிடுவது இதழின் நோக்கம். அதில் து. நித்யா தொடராக எழுதியவை எளிய தமிழில் குனு/லினக்ஸ், எளிய தமிழில் மைஎஸ்கியூஎல் முதலிய மின்னூல்களாக வெளிவந்தன. கோப்புகள், அடைவுகள், அனுமதிகள், தரவுத்தளம் ஆகியவற்றைத் தமிழ் வழியாகத் தொடக்கத்திலிருந்து சொன்னவை அவை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலில் கொடுத்தது. விழுப்புரத்தில் ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு உருவாகி, சென்னைக்கு வெளியேயும் அத்தகைய கூட்டம் நடக்க முடியும் என்று காட்டியது.

தமிழில் சொல்வதால் என்ன மாறுகிறது என்பதைக் கோப்பு அனுமதியை வைத்துப் பார்க்கலாம். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு: உரிமையாளர், குழு, ஏனையோர். ஒவ்வொருவருக்கும் மூன்று அனுமதிகள்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கொடுக்கும் அனுமதிகளைக் கூட்டினால் ஓர் இலக்கம் வரும். 754 என்றால் உரிமையாளர் எல்லாம் செய்யலாம், குழுவினர் படிக்கலாம், இயக்கலாம், ஏனையோர் படிக்க மட்டும் செய்யலாம். கப்பல் முகவர் அலுவலகத்தில் ஊதியக் கணக்கைக் கணக்காளர் எழுதலாம், மேலாளர் படிக்கலாம், மற்றவர்களுக்கு அது திறக்கக் கூடாது என்றால் அந்தக் கோப்புக்கு 640. ஆங்கிலக் கையேட்டில் மூன்று பக்கம் தடுமாறும் மாணவர் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

சொற்கள் நிலைபெறச் சற்றுக் காலம் ஆயிற்று. வழங்கி, அடைவு, முனையம், காப்புநகல், பயனர் கணக்கு ஆகியவை இன்று தடையில்லாமல் படிக்கப்படுகின்றன. சில சொற்களுக்கு இன்னும் ஒருமித்த வடிவம் இல்லை. பேச்சில் சர்வர் என்று சொல்லிவிட்டு எழுத்தில் வழங்கி என்று எழுதுவதில் யாருக்கும் சங்கடமும் இல்லை. இடர் வேறு இடத்திலிருந்து வந்தது. கட்டளை முனையங்கள் பல, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. தமிழின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வர வேண்டியவை. அந்த முனையங்களில் அவை இடம் மாறியோ பிரிந்தோ விழும். தமிழில் பெயரிட்ட அடைவுகளைப் பட்டியலிட்டால் திரையில் உடைந்த எழுத்துகள் வரும். ஆகவே தமிழில் கற்றவர்களும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கப் பழகினார்கள்.

பழுதுகளைப் படித்தல்

இந்தத் தொழிலில் பாடநூலுக்கு இணையாக மதிக்கப்படுபவை பழுது அறிக்கைகள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், நகல் வழங்கியில் தரவு அடைவை அழிப்பதாக நினைத்து முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். நிறுத்தியபோது ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியிருந்தது. காப்புநகல் எடுக்க வைத்திருந்த பல வழிமுறைகள் ஒன்றும் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு படியிலிருந்து மீட்டார்கள். நிறுவனம் இதை மறைக்கவில்லை. மீட்புப் பணியை நேரலையில் காட்டியது. பின்பு காரணங்களை விரிவாக வெளியிட்டது. பிழை செய்தவரைக் குற்றம் சாட்டாமல், இரண்டு வழங்கிகளின் முனையங்களும் ஒரேபோல் தோன்றியது ஏன், காப்புநகல் தோல்வியடைந்த அறிவிப்பு ஒருவருக்கும் சேராதது ஏன் என்று கேட்டது அந்த அறிக்கை.

காப்புநகலில் பரவலாகச் சொல்லப்படும் விதி 3-2-1: தரவின் மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு ஊரில். கடைசி இலக்கத்தின் பொருளைத் தூத்துக்குடி மாவட்டம் 2023 டிசம்பரில் கண்டது. டிசம்பர் 17 தொடங்கிப் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளுடன் நின்றுபோனது. பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் அறுபட்டன. தரைத்தளத்தில் வைத்த வழங்கியும், அதே அறையின் அலமாரியில் வைத்த காப்புநகலும் இத்தகைய வெள்ளத்தில் ஒன்றாகவே நனையும். ஒரே ஊரில் இரண்டு கட்டடங்களில் வைத்தாலும் போதாது என்பதற்கு 95 சென்டிமீட்டர் போதுமான கணக்கு.

இன்றைய கற்றல்

இப்போது கற்பவருக்குத் தனி வழங்கி தேவையில்லை. ஒரு பழைய மடிக்கணினியில் மெய்நிகர் கணினிகள் இரண்டை நிறுவிக்கொள்ளலாம். ஒன்றை வழங்கியாகவும் மற்றொன்றைப் பயனராகவும் வைத்து, வலைத்தளம் அமைத்து, தரவுத்தளம் சேர்த்து, காப்புநகல் எடுத்து, பின்பு வேண்டுமென்றே முதலாவதை அழித்துவிட்டு மீட்டுப் பார்க்கலாம். முதல்முறை அநேகமாக மீளாது: தரவு வந்திருக்கும், அனுமதிகள் வந்திருக்காது, அல்லது தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை எழுதி வைத்த கோப்பு காப்புநகலில் சேர்க்கப்படாமல் போயிருக்கும். மூன்றாம் நான்காம் முறையில் வரும் வெற்றியைச் செய்த ஒழுங்கில் எழுதி வைத்தால், அதுவே அவருடைய முதல் நிர்வாக ஆவணம்.

வேலையின் வடிவமும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு வழங்கியாக நுழைந்து கட்டளை இடுவது குறைந்து, நூறு வழங்கிகளின் அமைப்பை ஒரே கோப்பில் எழுதி இயக்கும் ஆன்சிபிள் போன்ற கருவிகள் வந்துவிட்டன. வழங்கிகளே மேகக் கணிமைக்குப் போய்விட்டன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளுடன் தொடங்கிய சோகோ, நிர்வாகிகளுக்கான மேனேஜ்என்ஜின் கருவிகளைத் தமிழகத்திலிருந்து உலகுக்கு விற்கிறது; அதன் அலுவலகம் ஒன்று தென்காசி அருகே மத்தளம்பாறையில் உள்ளது. மாவட்டத்துக்குள் கோவில்பட்டியிலும் திருச்செந்தூரிலும் பொறியியல் கல்லூரிகள் 1980களிலும் 90களிலும் தொடங்கின. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சென்னைத் தரமணியில் முதல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்.